பி புளோக்கின் இடுப்பு

ஏழாவது ஊசி தவமணியின் இடது இடுப்புக்குக் கீழே, பிட்டத்தின் பள்ளத்தில், இரண்டு அங்குலம் இறங்கி நின்றபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதே நிமிடத்தில் சாலைக்கு எதிர்ப்பக்கம், பி புளோக் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒன்பது நாளாகத் தாடையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் பாக்கார் கையை எடுத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று மனைவியைக் கேட்டார்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?" என்றார் சீன வைத்தியர் யாப் சின்சே.

"அப்படியேதான்."

"கொஞ்சங்கூட?"

"நீங்க குத்தறது வலிக்குது. அதத் தவிர மத்ததெல்லாம் அப்படியே இருக்கு."

சின்சே ஊசியை உருவினார். மூன்றாம் மாடியில் பாக்கார் கரண்டியைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை பார்ப்போம் என்று சின்சே மறுபடியும் குத்த, பாக்கார் மறுபடியும் கரண்டியை எடுத்தார். இப்படி நான்கு செவ்வாய்க்கிழமைகள் நடந்த பிறகு, சமையலறை ஜன்னலிலிருந்து சின்சேயின் மருந்துக்கடை வாசலைப் பார்க்க முடிகிற பாக்காரின் மனைவிதான் அதைக் கண்டுபிடித்து, சாக்கடைப் பாலத்தைக் கடந்து வந்து, தவமணி அக்காவின் இடுப்பில் குத்தினால் தன் வீட்டுக்காரரின் பல்வலி போகிறது, எடுத்தால் வருகிறது, ஆகையால் ஊசியை இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைக்க முடியுமா என்று சின்சேயிடம் கேட்டாள்.

ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த சீனரின் மகன் யாப் சின்சே; மூன்றாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தோட்டத்துக்காரர்களே மறந்துவிட்ட வசைச்சொற்கள் அவருடைய தமிழில் பத்திரமாக இருந்தன. அவர் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் மொட்டைத்தலை மனிதன் ஒருவன் உடம்பெல்லாம் கோடுகளும் புள்ளிகளுமாக, இரண்டு கைகளையும் சற்று விரித்து, யாரோ சட்டை தைக்க அளவெடுப்பதுபோல நின்றிருந்தான். சின்சே அவனைத் தலையிலிருந்து குதிகால்வரை பார்த்துவிட்டு, "கோடு தோலோட நின்னுடும்னு இதுல எங்கயும் எழுதல," என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தின் காரணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

தவமணிக்குத்தான் அது நல்ல செய்தியாக இல்லை. தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும் வைத்து வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலங்களை அவள் இருபத்திரண்டு வருஷமாக பி புளோக்கின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். சமைப்பது ஐந்தாம் மாடியில், விற்பது கீழே, நடுவில் எண்பத்து நான்கு படிகள். மின்தூக்கி கிடையாது. ஆறு வருஷமாக இடது இடுப்பு வலித்தது, முதலில் ஏறும்போது, பிறகு இறங்கும்போது, பிறகு படிகளைப் பற்றி நினைக்கும்போதே. சின்சே மூன்று மாதமாக ஊசி குத்தினார், மூலிகைச் சுருட்டைக் கொளுத்தித் தோலுக்கு மேல் காட்டிச் சூடு கொடுத்தார், கண்ணாடிக் குப்பிகளைக் கவிழ்த்து இடுப்பில் வட்ட வட்டமாகச் சிவக்க வைத்தார், மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை வேரும் பட்டையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். அந்தக் கஷாயத்தின் வாடையில் நான்காம் மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். வலி அசையவில்லை.

ஜொகூரில் இருக்கும் மகள் கோமளா தொலைபேசியில், "டிசம்பர் விடுமுறைக்குள்ள சரியாகலன்னா வேன் எடுத்துக்கிட்டு வந்துடுவேன்மா," என்று சொல்லியிருந்தாள். "இங்க லிப்ட் இருக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல."

"நீ காலைல ஆறு மணிக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வர்ற. லிப்ட்தான் இருக்கும்."

ஆனால் கோமளா சொன்னால் செய்கிறவள் என்று தவமணிக்குத் தெரியும், வளர்த்ததே அவள்தான்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் சவரிமுத்து தபால் நிலையத்தில் முப்பது வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர், எந்தப் பொருளுக்கும் ஒரு முகவரி இருக்க வேண்டும் என்று நம்புகிறவர். அவருடைய ஏற்பாட்டின்படி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் பூப்பந்து மைதானத்தில் ஒரு மடக்குக் கட்டில் போடப்பட்டது, சின்சே ஊசிப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தார், குடியிருப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து படுத்தார்கள், மற்றவர்கள் அவரவர் மாடித் தாழ்வாரத்தில் அவரவர் வலியோடு காத்து நின்றார்கள், எங்கே வலி விடுகிறதோ அங்கிருந்து ஒரு குரல் வந்தது. "முட்டி!" என்று நான்காம் மாடியிலிருந்து ஒருவர் சொல்ல, சவரிமுத்து குறித்துக்கொண்டார். "கழுத்து, வலது பக்கம்," என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். ஐந்து வாரத்தில் தபால்பெட்டிகளுக்கு மேலே, யாருடைய வலி யாரிடம் என்று எழுதிய ஒரு பெரிய அட்டை ஏறியது. சவரிமுத்துவின் சொந்த முட்டி, இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் கூச்ச சுபாவமுள்ள கணக்காளர் சானின் காதுமடலில் இருந்தது. சான் மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே சின்சேயின் கடைக்குப் போய்க் காதைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

பிறகு வழக்கங்கள் தானாக உண்டாயின. வீடு மாறுகிறவர்கள் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது வந்தது. சண்டை போடும்போது "என் காலு உன்கிட்ட இருக்குன்னுதான பேசற" என்று சொல்வது வந்தது. முதல் மாடியில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தபோது பத்துப் பொருத்தத்தோடு பையனின் உடம்பில் யார் யாருடைய வலி இருக்கிறது என்றும் விசாரித்தார்கள், அவன் ஏ புளோக்குக்காரன் என்பதால் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான்காம் மாடிக் குஞ்ஞிராமன் இறந்தபோது அவர் உடம்பு கிடத்தியிருந்த இடத்தில் மூன்று குடும்பத்தார் தலையைப் பிடித்துக்கொண்டும் முதுகைப் பிடித்துக்கொண்டும் அப்படி அழுதார்கள், அந்தக் கட்டடத்தில் அவ்வளவு உண்மையான அழுகையை யாரும் கேட்டதில்லை; பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அந்த மூன்று வலிகளும் வேறு மூன்று பேரிடம் இடம் பார்த்துக்கொண்டன. காவலாளி நாகப்பனிடம் மட்டும் யாருடைய வலியும் இல்லை. எட்டு ஞாயிறு படுத்து எழுந்தார். ஒன்பதாம் ஞாயிறு சின்சே அவருடைய முழங்கையில் குத்தியபோது ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ "தோள்பட்டை!" என்று சத்தம் போட்டார்கள். அது பொய் என்று சவரிமுத்துவுக்குத் தெரியும், ஆனாலும் அட்டையில் ஏற்றிக்கொண்டார்.

தவமணியின் இடுப்பு மட்டும் அகப்படவில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரைப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தாள், மற்றவர்களுடைய குரல்களைக் கேட்டாள், இலைகளைத் துடைத்தாள். பார்க்காதவர் ஒரே ஒருவர்தான் பாக்கி என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

அந்த ஒருவர் கீழ்த்தளத்தில் நான்காம் எண் வீட்டில் இருக்கும் அவளுடைய தம்பி தண்ணிமலை. வழக்கமாகச் சனிக்கிழமைகளில் ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைக்கு மீன்பிடிக்கப் போகிறவன், மைதானத்தில் கட்டில் போட ஆரம்பித்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கியிருந்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அப்பா இறந்தபோது தமிழ்ப் பத்திரிகையில் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி வந்தது. அதில் மகன் தண்ணிமலை பெயர் இருந்தது, மருமகள் லோகாம்பாள் பெயர் இருந்தது, பேரப்பிள்ளைகள் பெயர் இருந்தது, அப்பா வேலை செய்த தோட்டத்துப் பழைய கங்காணியின் பெயர்கூட 'நண்பர்' என்று போட்டு இருந்தது. படுக்கையில் கிடந்த அவரை நான்கு வருஷம் ஐந்தாம் மாடியில் வைத்துக் குளிப்பாட்டிய மகள் தவமணியின் பெயர் இல்லை. அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தவன் தண்ணிமலை. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் நேரே பேசிக்கொள்வதில்லை. அவசியமானால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசினார்கள், யாரும் நிற்காவிட்டால் தபால்பெட்டிகளைப் பார்த்துப் பேசினார்கள்.

நவம்பர் கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தவமணி ஒரு பொட்டலத்துக்குச் சோறு அள்ளிக்கொண்டிருந்தபோது வலி நின்றது. படிப்படியாகக் குறைந்து நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்ததுபோல நின்றது. ஆறு வருஷமாக வலது காலில் ஊன்றியே நின்று பழகியவள் இடது காலில் ஊன்றிப் பார்த்தாள். பதினாறு பொட்டலம் மடிக்கும் நேரம் அப்படியே இருந்தது, பிறகு வலி திரும்ப வந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணிமலை கையில் துணி சுற்றிக்கொண்டு ஈயக்குட்டையிலிருந்து வந்தான், அவன் மனைவி லோகாம்பாள் வாசலுக்கு வந்து, யாரையும் குறிப்பிடாமல், "எட்டு மணிக்குக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தூண்டில் முள்ளு ஏறிடுச்சாம், எடுக்கறதுக்கு இம்மாம் நேரமாம்," என்று சொன்னாள். தவமணியின் கை சம்பல் கரண்டியோடு அப்படியே நின்றது. எட்டு மணிக்கு அவள் இடது காலில் ஊன்றி நின்றதையும் பார்த்திருந்த பாக்காரின் மனைவி மூன்று மாடி ஏறிப் போய்ச் சொல்ல, ஒன்பதரை மணிக்குள் பி புளோக் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

சவரிமுத்து பேனாவை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். தண்ணிமலை தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தவமணி மேசைக்குப் பின்னால் இருந்தாள். நடுவில் பன்னிரண்டு அடி தூரம்.

"தம்பி, செவ்வாய்க்கிழமை வந்து கொஞ்சம் கையக் குடுத்தா..."

"அந்தம்மா கேட்டா வர்றேன்னு சொல்லுங்க சார்."

சவரிமுத்து பன்னிரண்டு அடி நடந்தார். "கேட்டா வர்றாராம்."

"எனக்குக் காது நல்லா இருக்கு. இடுப்புதான் சரியில்ல. எங்கப்பாவ நாலு வருஷம் குளிப்பாட்டினேன், யாரும் வந்து கேக்கல, நானே செஞ்சேன். போய்ச் சொல்லுங்க."

அவர் திரும்ப நடந்தார். வாயைத் திறப்பதற்குள் தண்ணிமலை சொன்னான்: "பேப்பர்காரன் விட்டதுக்கு நான் என்ன செய்யட்டும்? போன்ல எல்லாப் பேரும் சொன்னேன். அவன் எழுதல. பதினோரு வருஷமா இதத்தான் சொல்றேன்."

"கங்காணி பேரு மட்டும் எப்படி அவன் காதுல விழுந்துச்சாம்? கேளுங்க."

"அப்ப தலையே சுத்திக்கிட்டு இருந்துச்சு சார். செத்தது எனக்கும் அப்பாதான்."

"எனக்கு இல்லைன்னுதான போட்டாங்க."

சவரிமுத்து எட்டாவது அடியில் நின்றார். "நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்," என்றார். "சான் காலைலயே வெளிய போயிட்டாரு. முட்டி விண்ணு விண்ணுங்குது."

சின்சே சாலையைக் கடந்து வந்து தானும் பேசிப் பார்த்தார். தோட்டத்து வசையில் மிக மென்மையான ஒன்றை எடுத்து இருவருக்கும் பொதுவாக வைத்தார். இருவருக்கும் அது அப்பாவின் வாயில் கேட்ட சொல், அதனால் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. லோகாம்பாள் ஒரு நாள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணி, நீங்க கேக்க வேணாம், அவரும் வர வேணாம். அவர் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுப்பாரு பாருங்க, இடி விழுந்தாலும் தெரியாது, நானே ஒரு ஊசியக் குத்தி வச்சுடறேன்," என்றாள்.

"திருடி எடுக்கற சொகம் எனக்கு வேணாம் லோகா. பொட்டலம் ரெண்டா மூணா?"

"மூணு," என்றாள் லோகாம்பாள்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கோமளா வேனோடு வந்தாள். தாயின் இடுப்பு வலி மாமாவின் கையில் இருக்கிறது என்பதை அவளுக்குச் சவரிமுத்து விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமாவிடம் போய்க் கேட்பதற்கு அம்மா தயாரா என்று கேட்டாள். இல்லை என்று சொன்னார்கள். "அப்ப மேல ஏறிச் சாமானை எடுங்க," என்று வேன்காரனிடம் சொன்னாள். மெத்தை இறங்கியது, தையல் இயந்திரம் இறங்கியது, சாமி படங்கள் போர்வையில் சுற்றப்பட்டு இறங்கின, நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அலுமினியப் பானை கடைசியாக இறங்கியது. பி புளோக்கில் இருந்தவர்கள் தாழ்வாரங்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று யாரும் கேட்கவில்லை; பாக்கார் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு அறைக்கும் தாழ்வாரத்துக்குமாக நடந்தார்.

பத்து மணிக்குத் தவமணி வீட்டைப் பூட்டினாள். சாவியைக் கோமளாவிடம் கொடுத்து முன்னால் போகச் சொன்னாள், தான் இறங்குவதற்கு அரை மணி நேரம் ஆகும், பின்னாலேயே யாராவது நின்றுகொண்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, வலது கால், பிறகு இடது கால், பிறகு மூச்சு, பிறகு வலது கால் என்று ஒரு மாடி இறங்கினாள். நான்காம் மாடித் திருப்பத்தில் இடது காலை எடுத்து வைத்தபோது வலி இல்லை. அவள் நின்றாள். பிறகு இடது காலில் முழு எடையையும் போட்டு, கம்பியை விட்டுவிட்டு, ஒரு படிக்கு ஒரு கால் என்று, கல்யாணமாகி இந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில் இறங்கியதுபோல இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்றவர்கள் அவள் கால்களைப் பார்த்தார்கள்.

கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்து பெஞ்சில் தண்ணிமலை உட்கார்ந்திருந்தான். இடது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பெரிய தூண்டில் முள் ஒன்று வளைவுவரை இறங்கியிருந்தது, கால்சட்டையில் நான்கைந்து சொட்டு ரத்தம் இருந்தது. அவன் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் வியர்வை ஓடியது.

"எதுத்த கடையில இத்தன ஊசி இருக்கறப்ப தூண்டில் முள்ளால குத்திக்கறது எந்த ஊருப் புத்தின்னு கேளுங்க," என்றாள் தவமணி, சவரிமுத்துவிடம்.

"கடைக்குப் போனா சாலையக் கடக்கணும். அதுக்குள்ள வேன் எடுத்துட்டாங்கன்னா?" என்றான் தண்ணிமலை, தபால்பெட்டிகளிடம்.

தவமணி பெஞ்சில் உட்கார்ந்தாள். வேன்காரனிடம் குறடு கேட்டு வாங்கினாள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி ஒரு சிறு கூர் இருப்பதால் அதை வந்த வழியே இழுக்க முடியாது, முன்னால் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, அதை வெட்டிவிட்டுத்தான் பின்னால் உருவ வேண்டும். ஈயக்குட்டைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இது தெரியும். அவள் அவன் மணிக்கட்டைத் தன் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேணாம். எடுத்தா உனக்கு வந்துடும்," என்றான் தண்ணிமலை.

"தெரியும். கைய ஆட்டாத."

முள்ளைத் தள்ளினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். நுனி தோலுக்கு வெளியே வந்ததும் குறடால் வெட்டினாள், மிச்சத்தை உருவினாள், சேலைத் தலைப்பை வைத்து அழுத்தினாள். முள் வெளியே வந்த நொடியில் இடுப்பு வலி தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவள் பெஞ்சில் கொஞ்சம் வலது பக்கமாக நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தாள். ரத்தம் நிற்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

தண்ணிமலை சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்து, கடை வாசலில் நின்ற சின்சேயிடம், "செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்கு?" என்றான்.

"ஒம்பது," என்றார் சின்சே.

"அக்கா ஒம்பதுக்கு வியாபாரத்துல இருக்கும். பதினொண்ணு போடுங்க."

வேன் நின்றிருந்த இடத்தில் முந்தின நாள்தான் மஞ்சள் கோடு அடித்திருந்தார்கள், பெயிண்ட் இன்னும் காயவில்லை, சக்கரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது என்று வேன்காரன் அப்போதுதான் கவனித்தான். அடித்த இடத்தில் கயிறு கட்டியிருக்க வேண்டாமா என்று அவன் கேட்க, கட்டியிருந்தோம், உங்கள் வேன்தான் இழுத்துக்கொண்டு வந்தது என்று காவலாளி நாகப்பன் சொல்ல, சவரிமுத்து இருவருக்கும் நடுவில் போய் நின்றார். கோமளா கையில் சாவியோடு, மெத்தையை மறுபடியும் மேலே ஏற்றுவதா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். தாழ்வாரங்களில் இருந்தவர்கள் மஞ்சள் கோட்டைப் பார்ப்பதற்காக எட்டிக் குனிந்தார்கள்.

தண்ணிமலை வேனின் பின்கதவைத் திறந்து, அலுமினியப் பானையை எடுத்து, நல்ல கையால் பிடித்து வலது தோளில் வைத்துக்கொண்டு படியேறினான். தவமணி கம்பியைப் பிடித்து, வலது கால், பிறகு இடது கால், பிறகு மூச்சு என்று அவன் பின்னால் ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். நான்கு படி மேலே அவனும் நின்று, திரும்பிப் பார்க்காமல், பானையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.